பாட்டியின் வெள்ளி ரூபாய்கள்: விற்பதற்கு முன் பிரித்து வையுங்கள்

கேள்வி: பாட்டியின் பெட்டியில் 40 வெள்ளி ரூபாய்கள் இருந்தன. 1939 வரையிலானவை 28, 1940 முதல் 1944 வரை 12. கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஒரே விலை சொல்கிறார். மாமாவோ, "பவுண்டு, டாலர் குறிகளே வெள்ளியிலிருந்து வந்தவை. வெள்ளி மறுபடி பணமாகும், விற்காதே" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: மாமா சொல்லும் வரலாறு சரி, முடிவுதான் சரியில்லை. £ என்பது லிப்ரா (பவுண்டு எடையின் லத்தீன் பெயர்) என்பதன் முதலெழுத்தான L. ஒரு பவுண்டு எடை வெள்ளியில் 240 பென்னிக் காசுகள் அடித்தார்கள். $ குறி ஸ்பானிய வெள்ளிப் பெசோவைக் கணக்கேட்டில் சுருக்கி எழுதியதிலிருந்து வந்தது என்பதே பலர் ஏற்கும் விளக்கம். ஆனால் குறிகள் தங்கின, வெள்ளி போய்விட்டது. நம் ₹ குறி 2010-ல் வந்தபோது, புழக்கத்து ரூபாயில் வெள்ளி நின்று அறுபது வருடங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

இங்கே வெள்ளியும் பணமும் பிரிந்தது 1893-ல். அதற்கு முன் யார் வெள்ளி கொண்டுபோனாலும் நாணயச்சாலை ரூபாயாக அடித்துக் கொடுக்கும். 1870-களில் ஜெர்மனி முதலான நாடுகள் தங்கத்துக்கு மாறின. வெள்ளி விலை சரிந்தது, கூடவே ரூபாயும் சரிந்தது. லண்டனுக்குக் கட்டவேண்டிய தொகைக்கு மேலும் மேலும் ரூபாய் தேவைப்பட்டதால், பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளியை நாணயமாக அடித்துக் கொடுப்பதை அன்றைய ஆங்கில அரசு நிறுத்தியது. அதன்பின் ரூபாயின் மதிப்பு அரசு முத்திரையில்தான். அந்த முத்திரைக்கு இன்று கடையில் மதிப்பில்லை. ஆகவே கையில் இருப்பதை உலோகமாகவே கணக்கிடுங்கள்.

ஒரே விலை என்பது உங்களுக்கு நஷ்டம். 1939 வரையிலான ரூபாய் 11.66 கிராம், மாற்று (ஆயிரத்தில் தூய வெள்ளியின் பங்கு) 916.6, தூய வெள்ளி 10.69 கிராம். போர்க்காலத்தில் வெள்ளியை மிச்சப்படுத்த, 1940 முதல் அதே எடையில் பாதிதான் வெள்ளி. மீதி செம்பு, நிக்கல், துத்தநாகம். அதில் தூய வெள்ளி 5.83 கிராம். உங்களிடம் உள்ளது 299 + 70, சுமார் 369 கிராம். எல்லாவற்றையும் பாதி வெள்ளியாக எடுத்தால் கணக்கு 233-தான். 136 கிராம் கடைக்காரருக்குப் போகும். தேய்ந்த காசு எடை குறையும் என்பதால் எண்ணிக்கையில் விற்காமல் நிறுத்து விற்கவும்.

போலியைப் பிடிக்க 0.01 கிராம் காட்டும் தராசு போதும். தராசில் தண்ணீர்க் கோப்பையை வைத்துப் பூஜ்யம் ஆக்கி, நூலில் கட்டிய காசைக் கோப்பையின் அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். தேயாத பழைய ரூபாய்க்கு ஏறத்தாழ 1.13, 1940 முதலானதற்கு 1.22 காட்டும். தேய்ந்ததற்கு, காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் முறையே 10.3, 9.5 அருகே வரவேண்டும். காசில் ஒட்டிய காற்றுக்குமிழி எண்ணைக் கூட்டிக் காட்டும், தட்டிவிடுங்கள்.

புளியோ பாலிஷோ போட்டுத் தேய்க்காதீர்கள். சேகரிப்பாளர் தரும் கூடுதல் விலை அதோடு போகும். 1939 என்று பொறித்த ரூபாய் அரிது, போலிகளும் நிறைய. உருக்கக் கொடுக்குமுன் நாணய நிபுணரிடம் காட்டுங்கள். நூறு வருடம் கடந்த காசுகளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை.

விற்கும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி உண்டு. பாட்டி வைத்திருந்த காலமும் சேரும்; 24 மாதம் தாண்டினால் 12.5 சதவீதம். 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கியவை என்றால், 1.4.2001 அன்றைய சந்தை விலையை வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரின் சான்றைக் கேட்டு வாங்கி வையுங்கள்.