எத்தனை முல்லர்கள்! வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஜெர்மன் கால்பந்து பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'முல்லர்' என்ற ஒரே பெயரைச் சுற்றியே இருந்தன. எனக்கும் ரொம்பப் பிடித்த விஷயம் என்பதால் இந்த வாரம் முழுக்க முல்லர்களுக்கே.

கேள்வி: பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஜெர்மன் பையர் அனுப்பும் படிவங்களில் இப்போதெல்லாம் சப்ளை செயின் சட்டம் என்று வருகிறது. அதைக் கொண்டுவந்தவர் கெர்ட் முல்லர் என்ற அமைச்சர் என்று படித்தேன். அப்பாவிடம் சொன்னால், "அவர் 74 உலகக் கோப்பையை ஜெயித்துக் கொடுத்தவராச்சே, அமைச்சர் வேற ஆயிட்டாரா?" என்கிறார். இருவரும் ஒரே ஆளா? (திருப்பூர்)

பதில்: இல்லை, வேறு வேறு ஆட்கள். ஆனால் அப்பா குழம்பியதில் தப்பே இல்லை. பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்று, இரண்டு பேரும் பவேரியா மாநிலத்தின் ஸ்வாபியா பகுதியில் பிறந்தவர்கள், பத்து வயதுதான் வித்தியாசம்.

அப்பா சொல்லும் கெர்ட் முல்லர் 1945-ல் நோர்ட்லிங்கன் என்ற சின்ன ஊரில் பிறந்தார். பள்ளிக்கூடம் முடிந்ததும் அங்கே ஒரு ஆலையில் நெசவு பழகினார் என்பதைத் திருப்பூர்க்காரரான உங்களிடம் சொல்லாமல் விட முடியாது. குட்டையான ஆள், தொடை இரண்டும் மரக்கட்டை மாதிரி இருக்கும், பார்த்தால் ஆட்டக்காரர் என்றே தோன்றாது. பேயர்ன் மியூனிக் கிளப்பில் அவருடைய முதல் பயிற்சியாளரே அவரை 'குட்டிக் குண்டன்' என்றுதான் கூப்பிட்டார். அந்தக் குண்டன் மேற்கு ஜெர்மனிக்காக ஆடியது 62 ஆட்டம், அடித்தது 68 கோல். ஆட்டத்தைவிட கோல் அதிகம்! ஜெர்மன் லீக்கில் 427 ஆட்டத்தில் 365 கோல் அடித்தார், அந்த மொத்தக் கணக்கை இன்றுவரை யாரும் தாண்டவில்லை.

1974 ஜூலை 7, மியூனிக், இறுதி ஆட்டம், எதிரில் நெதர்லாந்து. ஆளுக்கு ஒரு கோல், இரண்டுமே பெனால்டி. 43-வது நிமிடம் வலது பக்கமாக ஓடிப்போன சக வீரர் போன்ஹாஃப் பந்தை உள்ளே தள்ளிவிடுகிறார். முல்லர் காலில் அது சரியாக நிற்கவில்லை, கொஞ்சம் பின்னால் உருண்டுவிடுகிறது. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வாய்ப்பு போயிருக்கும். இவர் ஓடிவந்த வேகத்தை அப்படியே நிறுத்தி, பின்னால் ஒரு எட்டு வைத்து, உடம்பைத் திருப்பி, வலது காலால் தரையோடு தரையாகத் தட்டிவிட்டார். கோல்கீப்பர் யோங்பிளட் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அதுதான் கோப்பையைத் தந்த கோல், அதோடு 28 வயதில் தேசிய அணியிலிருந்தும் விலகிவிட்டார். அப்பாவோடு உட்கார்ந்து அந்த வீடியோவை ஒருமுறை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், அந்தப் பின்னெட்டு இருக்கிறதே, அதை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

சரி, உங்கள் அமைச்சருக்கு வருவோம். அவர் 1955-ல் கிரும்பாக் என்ற ஊரில் பிறந்தவர், பவேரியாவின் சி.எஸ்.யூ. கட்சிக்காரர், 2013 முதல் 2021 வரை வளர்ச்சி ஒத்துழைப்புத் துறை அமைச்சர். அவர் பதவியேற்ற அதே 2013-ல்தான், சில மாதங்களுக்கு முன்பு, வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். பெரும்பாலும் தையல் தொழிலாளர்கள். ஐரோப்பியக் கடைகளுக்குத் துணி தைத்துக் கொண்டிருந்தவர்கள். சட்டை விற்கிறவன் அதைத் தைத்தவனுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதை இவர் விடாமல் பிடித்துக்கொண்டார். 2019-ல் துணிகளுக்கு 'பச்சைப் பொத்தான்' என்ற முத்திரையைக் கொண்டுவந்தார், அப்புறம் தொழிலாளர் துறை அமைச்சர் ஹூபெர்டுஸ் ஹைலோடு சேர்ந்து, தொழிலதிபர்களின் எதிர்ப்பையும் மீறி, 2021 ஜூனில் அந்த சப்ளை செயின் சட்டமே நிறைவேறியது. 2023-லிருந்து 3,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கும், 2024-லிருந்து 1,000 பேருக்கு மேல் உள்ளவற்றுக்கும் அது பொருந்தியது. பிறகு அதைத் தளர்த்த வேண்டும் என்ற குரல் ஜெர்மனியிலேயே எழுந்தது வேறு விஷயம்.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் பொறுப்பைப் போட்டிருப்பது பையர் தலையில். குழந்தைத் தொழிலாளர் இல்லை, கட்டாய வேலை இல்லை என்று உங்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டதோடு அவர்கள் வேலை முடிந்துவிடாது, தாங்கள் எப்படிக் கொள்முதல் செய்கிறோம் என்பதையும் அவர்கள் சரிபார்க்க வேண்டும். அடுத்த முறை விலையையும் டெலிவரி தேதியையும் நெருக்கிப் பிடித்தால் தயங்காமல் இதைப் பேசுங்கள்.

கேள்வி: தாமஸ் முல்லர் கெர்ட் முல்லரின் மகனா, பேரனா? எங்கள் ஏரியாவில் இதற்குப் பந்தயமே கட்டியிருக்கிறோம். (வியாசர்பாடி, சென்னை)

பதில்: பந்தயத்தில் இரண்டு பக்கமும் தோற்றது. சொந்தமே கிடையாது. தாமஸ் 1989-ல் வைல்ஹைமில் பிறந்து, பேல் என்ற கிராமத்தில் வளர்ந்து, பத்து வயதில் பேயர்ன் மியூனிக்குக்கு வந்த பையன்.

ஆனால் ரத்த சொந்தம் இல்லையே தவிர வேறொரு உறவு இருந்தது. ஆட்டத்தை விட்டபிறகு கெர்ட் முல்லர் குடியில் விழுந்தார். பழைய கூட்டாளிகள்தான் அவரைச் சிகிச்சைக்கு அனுப்பி, மீட்டு, பேயர்ன் மியூனிக்கிலேயே பயிற்சியாளர் வேலையும் கொடுத்தார்கள். இரண்டாம் அணியில் அவர் உதவிப் பயிற்சியாளராக இருந்த காலத்தில் அங்கே வளர்ந்த பையன்களில் ஒருவர்தான் தாமஸ். 2010 உலகக் கோப்பையில் அணித் தலைவர் பல்லாக் காயத்தால் வராமல் போக, அவருடைய 13-ம் எண் சட்டை தாமஸுக்கு வந்தது. 70-லும் 74-லும் கெர்ட் போட்டிருந்த அதே எண். பத்து கோல் அடித்து 1970-ல் கெர்ட் வாங்கிய, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி விருதை, ஐந்து கோல், மூன்று அசிஸ்ட் என்ற கணக்கில் 2010-ல் தாமஸ் வாங்கினார்.

அந்த வருஷக் கதை ஒன்று. மார்ச் மாதம் மியூனிக்கில் அர்ஜென்டினாவோடு நட்பு ஆட்டம், தாமஸுக்கு அதுதான் தேசிய அணியில் முதல் ஆட்டம். முடிந்ததும் பத்திரிகையாளர் சந்திப்பில் அவர் உட்கார்ந்திருக்க, உள்ளே வந்த அர்ஜென்டினா பயிற்சியாளர் மாரடோனா இந்த ஒல்லிப் பையன் யாரென்றே தெரியாமல், பக்கத்தில் உட்கார மறுத்து எழுந்து போய்விட்டார். நான்கு மாதம் கழித்துக் கேப் டவுனில் காலிறுதி, எதிரில் மாரடோனாவின் அர்ஜென்டினா. மூன்றாவது நிமிடத்திலேயே முதல் கோலைப் போட்டது அந்த ஒல்லிப் பையன்தான், ஆட்டம் 4-0 என்று முடிந்தது. 2014-ல் பிரேசிலை 7-1 என்று நொறுக்கினார்களே, அதிலும் முதல் கோல் தாமஸுடையது.

கேள்வி: சொந்தமே இல்லாமல் ஏன் இத்தனை பேருக்கு ஒரே பெயர்? (மதுரை)

பதில்: முல்லர் என்றால் மாவு அரைக்கிறவர். தண்ணீரிலோ காற்றிலோ சுற்றும் மாவு மில் வைத்திருந்தவர். ஜெர்மனியில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் இதுதான். ஷ்மிட் என்றால் கொல்லர், ஷ்னைடர் தையல்காரர், ஃபிஷர் மீன் பிடிப்பவர், வேபர் நெசவாளர், ஷூமாக்கர் செருப்புத் தைப்பவர். ஐந்நூறு அறுநூறு வருஷம் முன்பு தொழிற்பெயர்கள் இப்படிக் குடும்பப் பெயர்களாக உறைந்துபோயின.

விவசாயி அதிகமா, மில்லுக்காரர் அதிகமா? விவசாயிதான். அப்படியிருந்தும் முல்லர்தான் முதலிடம். காரணம், ஊரே விவசாயியாக இருந்தால் 'விவசாயி பீட்டர்' என்று சொல்லி யாரை அடையாளம் காட்டுவது? மில்லுக்காரர் ஊருக்கு ஒருவர். 'மில்லுக்கார பீட்டர்' என்றால் போதும், சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாக இது நடந்ததால்தான் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத ஆயிரக்கணக்கான முல்லர் குடும்பங்கள்.

கேள்வி: முல்லர் என்ற பெயரில் யாராவது ஜெர்மனியை ஆண்டிருக்கிறார்களா? (தஞ்சாவூர்)

பதில்: ஆண்டார், இரண்டு முறை. ஹெர்மன் முல்லர், சமூக ஜனநாயகக் கட்சி. ஜெர்மனியிலேயே அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. 1919-ல் வெளியுறவு அமைச்சரான சில நாட்களிலேயே, ஜூன் 28 அன்று, வெர்சாய் அரண்மனையில் போய் உட்கார்ந்து முதல் உலகப் போரில் தோற்ற நாட்டின் சார்பில் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார், கூட யோஹன்னஸ் பெல். யாரும் செய்ய விரும்பாத வேலை அது. போட்டால் துரோகி என்பார்கள், போடாவிட்டால் போர் திரும்ப வரும்.

நாடாளுமன்றத்திலும் ஏற்கனவே பல முல்லர்கள் இருந்ததால், நம் ஊரில் ஊர்ப்பெயரை ஒட்டுவது போல, அவர் தொகுதியின் பெயரைச் சேர்த்து 'முல்லர்-ஃபிராங்கன்' என்றார்கள். 1928-ல் இரண்டாவது முறை சான்சலரானார், நம் ஊர்ப் பிரதமர் மாதிரியான பதவி. பொருளாதாரம் சரிந்து வேலையில்லாதவர்கள் பெருகியபோது, வேலையின்மைக் காப்பீட்டுக்கான பிடித்தத்தை மூன்றரை சதவீதத்திலிருந்து நான்கு ஆக்குவதா என்ற சண்டையில் கூட்டணி உடைந்தது. 1930 மார்ச் 27, ராஜினாமா. நாடாளுமன்றப் பெரும்பான்மையோடு இருந்த கடைசி வைமார் அரசு (ஹிட்லருக்கு முந்தைய ஜெர்மன் குடியரசை அப்படித்தான் சொல்வார்கள்) அதுதான். அதே வருஷம் செப்டம்பரில் நடந்த தேர்தலில் 12 இடம் வைத்திருந்த நாஜிக் கட்சி 107 இடத்துக்குத் தாவியது. அடுத்த மார்ச்சில் அவர் இறந்துபோனார், 54 வயது.

அந்த நாஜி ஆட்சியில் கெஸ்டாபோ என்ற ரகசியப் போலீஸின் தலைவனாக இருந்தவன் பெயரும் முல்லர்தான். ஹைன்ரிக் முல்லர். அதே பெயரில் இன்னொரு அதிகாரியும் இருந்ததால் இவனை 'கெஸ்டாபோ முல்லர்' என்றார்கள். யூதர்களை அழிக்கத் திட்டமிட்ட 1942 வான்சே கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவன், 1945 மே மாதம் பெர்லினில் காணாமல் போனான். நீதிமன்றக் கூண்டில் ஏறவே இல்லை.

பிற்காலத்தில் பெர்லின் மேயராக 2014 முதல் 2021 வரை மிகையேல் முல்லர், சார்லாந்து மாநில முதல்வராக 1999 முதல் 2011 வரை பீட்டர் முல்லர் என்று பட்டியல் நீளும்.

கேள்வி: அமெரிக்காவில் டிரம்ப் விவகாரத்தை விசாரித்த ராபர்ட் மல்லரும் இந்தப் பெயர்தானா? சென்னையில் ஜெர்மன் கற்றுத்தரும் மாக்ஸ் முல்லர் பவன் யார் பெயரில் இருக்கிறது? (கோயம்புத்தூர்)

பதில்: அதே பெயர்தான். ஜெர்மனில் 'யு' எழுத்தின் மேல் இரண்டு புள்ளி வரும். வாயை 'உ'வுக்குக் குவித்து வைத்துக்கொண்டு 'இ' சொல்லிப் பாருங்கள், அதுதான் சரியான ஒலி. புள்ளி இல்லாத ஊரில் அதற்குப் பதிலாக ஆங்கில 'e' எழுத்து ஒன்றைக் கூடச் சேர்ப்பார்கள், அமெரிக்க வாயில் அது 'மல்லர்' ஆகிவிட்டது. அவர் எஃப்.பி.ஐ. இயக்குநராகப் பொறுப்பேற்றது 2001 செப்டம்பர் 4. சரியாக ஒரு வாரத்தில் இரட்டைக் கோபுரம் விழுந்தது.

மாக்ஸ் முல்லர் 1823-ல் தெசாவ் நகரில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் வாழ்ந்து, ரிக் வேதத்தைச் சாயனர் உரையோடு பதிப்பித்தவர். இந்தியாவில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. வெறும் முல்லர் என்றால் கூட்டத்தில் கரைந்துவிடுவோம் என்றுதான் 'மாக்ஸ்' என்பதையும் குடும்பப் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அவருடைய அப்பா வில்ஹெல்ம் முல்லர் கவிஞர். மாவு மில்லுக்காரரின் மகள் மேல் ஆசைப்பட்ட ஒரு பையனைப் பற்றி அவர் எழுதிய கவிதைகளுக்கு ஷூபர்ட் இசையமைத்தார்.

கேள்வி: எல்லாம் ஆண்கள்தானா? (நாகர்கோவில்)

பதில்: நல்ல வேளை கேட்டீர்கள். மார்டினா முல்லர். 2003-லும் 2007-லும் உலகக் கோப்பை வென்ற ஜெர்மன் பெண்கள் அணியில் இருந்தவர். 2013-ல் ஐரோப்பியப் பெண்கள் கிளப்களுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதி, லண்டன் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ், எதிரில் அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் கோப்பையைத் தூக்கிய பிரெஞ்சு கிளப் லியோன். 73-வது நிமிடம் மார்டினா ஆடிய ஜெர்மன் கிளப் வோல்ஃப்ஸ்பர்குக்குப் பெனால்டி, அடித்தவர் மார்டினா. 1-0. வோல்ஃப்ஸ்பர்க் பெண்கள் அந்தக் கோப்பையைத் தூக்கியது அதுதான் முதல் முறை.