பெரியப்பா காட்டிய வசனமும் மகளின் படிப்பும்

கேள்வி: என் மகள் ஜோகன்னஸ்பர்க் சென்று நிலவியல் படிக்க விரும்புகிறாள். சபை மூப்பரான என் கணவரின் அண்ணனோ, இவ்வுலகத்தின் ஞானம் தேவனுடைய பார்வையில் பைத்தியம் என்ற வசனத்தைக் காட்டி, பூமியின் வயதைக் கணக்கிடப் புறப்படுவது தெய்வபயம் அற்ற செயல் என்கிறார். அவர் சொல்லை மீறினால் கர்த்தரையே மீறியதாகிவிடுமோ?
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: அன்புச் சகோதரி, பெரியவர் காட்டிய வசனம் 1 கொரிந்தியர் 3ஆம் அதிகாரத்தில் உள்ளது. ஆனால் பவுல் அதை எழுதியது படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு அல்ல. நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன் என்று பிரிந்து நின்ற ஒரு சபைக்கு. அதே அதிகாரத்தில், சற்றுக் கீழே, ஒருவனும் மனுஷரைக்குறித்து மேன்மைபாராட்டாதிருக்க வேண்டும் என்கிறார். எனவே மனித ஞானத்துக்கு அந்த வசனம் இடும் எல்லை மாணவிக்கு மட்டுமல்ல, மூப்பருக்கும், பதில் எழுதும் எனக்கும் சேர்த்தே இடப்பட்டது. (ஞாயிறு விருந்தில் இதை எடுத்துச் சொல்லத் தனித் துணிவு வேண்டும் என்பதை அறிவேன்.)

உங்கள் மகள் யோபு 28ஆம் அதிகாரத்தை வாசிக்கட்டும். அது சுரங்கத்தைப் பற்றிய பாடல். இருளுக்குள் இறங்கி, பாறையை வெட்டி, மலைகளை வேரோடே புரட்டி, மறைந்திருப்பதை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் மனிதனின் திறமையை அது எங்கும் பழிக்கவில்லை. நிலத்தின் மேல் உணவு விளைய, கீழிடமோ நெருப்பால் புரண்டது போலிருக்கும் என்கிறது. கார்ல்டன்வில் அருகே ஏறத்தாழ 4 கிலோமீட்டர் ஆழம் இறங்கும் ம்போனெங் தங்கச் சுரங்கத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டுவதை அறிந்தவர்களுக்கு அந்த வரி விளங்கும். இவ்வளவையும் வியந்த பிறகுதான், ஞானம் எங்கே கிடைக்கும் என்று அந்தப் பாடல் கேட்கிறது. ஆண்டவருக்குப் பயப்படுவதே ஞானம், பொல்லாப்பை விட்டு விலகுவதே புத்தி என்று விடையும் தருகிறது.

அந்த இரண்டாம் பாதியை நம் நாட்டை விட நன்றாக உணர்ந்த இடம் அரிது. 1886இல் ஜோகன்னஸ்பர்க் பகுதியிலுள்ள விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கம் கண்டறியப்பட்ட பின், பாறையின் ஒவ்வோர் அடுக்கையும் அளக்கத் தெரிந்தவர்கள், அதைத் தோண்டியவனின் நுரையீரலில் படிந்த தூசியைப் பொருட்படுத்தவில்லை. சிலிக்கோசிஸ் நோயால் பாதிக்கப்பட்ட தொழிலாளருக்கான இழப்பீட்டு உடன்பாட்டை ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் ஏற்றது 2019இல்தான். அறிவு அங்கே குறைவாக இருக்கவில்லை. பொல்லாப்பை விட்டு விலகும் பயமே இல்லாமலிருந்தது.

பூமியின் வயது பற்றிய கேள்வியை அவள் வகுப்பில் சந்திக்கவே செய்வாள். அதை மறைத்துப் பெரியப்பாவைச் சமாதானப்படுத்த வேண்டாம். விசுவாசிகள் இதில் ஒரே கருத்துடையவர்கள் அல்லர். பூமியை அஸ்திபாரப்படுத்தியபோது நீ எங்கேயிருந்தாய் என்று யோபுவிடம் கேட்ட கடவுள், பின்னர் யோபுவைக் குற்றஞ்சாட்டிய நண்பன் எலிப்பாசிடமும் அவன் தோழர்களிடமும்தான் கோபம்கொண்டார். அவர்களோ கடவுளின் சார்பில் நின்று பேசுவதாகவே எண்ணியவர்கள்.

பெரியப்பாவைப் பகைக்க வேண்டியதில்லை. மகளே அவரிடம் போய், என்ன படிக்கப் போகிறேன், எங்கே தங்குவேன், எந்தச் சபைக்குச் செல்வேன் என்று மரியாதையோடு சொல்லட்டும். தனக்காக ஜெபிக்கும்படியும் கேட்கட்டும். முடிவை அவள் பெற்றோராகிய நீங்கள் இருவரும் எடுங்கள். அவர் சம்மதத்துக்காகக் காத்திருந்து விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தவறவிட்டுவிடாதீர்கள்.