கருவில் இருக்கும்போது ஹார்மோன் மாறினால் ஆண் குட்டிக்கு என்ன ஆகும்?

கேள்வி: சினையாக இருக்கும் விலங்கின் உடலில் ஹார்மோன் மாறுதல் ஏற்பட்டால், பிறக்கும் ஆண் குட்டியின் இனப்பெருக்க உறுப்புகள் பாதிக்கப்படுமா?

பாதிக்கப்படும். ஆனால் எவ்வளவு மாறியது என்று கேட்பதற்கு முன், எந்த நாளில் மாறியது என்று கேளுங்கள்.

ஆய்வு மாணவனாக இருந்தபோது, பிறந்த எலிக்குட்டிகளை வெர்னியர் காலிப்பரால் அளப்பதுதான் என் வேலை. மலத்துளைக்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட தூரம் ஆண் குட்டியில் பெண் குட்டியைவிட ஏறத்தாழ இரு மடங்கு இருக்கும். சினைக்காலத்தில் ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மருந்து பெற்ற தாய் ஈன்ற குட்டிகளில் அந்த வேறுபாடு சுருங்கிப்போயிருந்தது. பதிவேட்டில் ஆணா பெண்ணா என்று எழுத முடியாமல் வெகுநேரம் அந்தக் குட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதன் அடிப்படையை 1947இல் பிரான்ஸின் ஆல்ஃபிரட் ஜோஸ்ட் முயல்களில் காட்டினார். தொடக்கத்தில் ஒவ்வொரு கருவிலும் இரண்டு சோடி நாளங்கள் இருக்கும். வால்ஃபியன் நாளம் ஆணில் விந்து செல்லும் குழாயாக வளரும். முல்லேரியன் நாளம் பெண்ணில் கருப்பையாக வளரும். தாயின் வயிற்றிலிருந்த ஆண் கருவின் விரைகளை அவர் அகற்றியபோது, அது பெண் உறுப்புகளுடன் வளர்ந்தது. விரைக்குப் பதிலாக, அது சுரக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை வைத்துப் பார்த்தார். விந்துக்குழாய் உருவானது, ஆனால் கருப்பைக்குரிய நாளமும் அழியாமல் நின்றது! அப்படியானால் அதை அழிக்க விரை வேறொரு ஹார்மோனையும் சுரக்க வேண்டும். அந்தக் கணிப்பு பின்னர் மெய்யானது. உயிரியலில் இவ்வளவு தெளிவான சோதனை அரிது என்பது என் எண்ணம்.

இனி நாள் கணக்கு. எலியின் சினைக்காலம் சுமார் 22 நாள். அதில் 15ஆம் நாளின் பிற்பகுதியிலிருந்து 18ஆம் நாள் வரையிலான ஏறக்குறைய மூன்று நாள்களே ஆண் உறுப்புகளின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றன. வியப்பு என்னவென்றால், அப்போது வெளி உறுப்பில் ஆண், பெண் வேறுபாடே கண்ணுக்குத் தெரியாது. அந்த நாள்களில் டெஸ்டோஸ்டிரோன் தடைபட்டால் குறி சிறுத்துப்போகும், சிறுநீர்த் துளை இடம் மாறும், விரை பைக்குள் இறங்காமல் நின்றுவிடும். அதே மருந்தைச் சில நாள் தள்ளிக் கொடுத்தால் இந்தக் குறைகள் பெரும்பாலும் வருவதில்லை. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் சில தாலேட்டுகள் கருவின் விரையில் டெஸ்டோஸ்டிரோன் உற்பத்தியையே குறைப்பதால் எலிகளில் இதே குறைகளை உண்டாக்குகின்றன. வின்குளோசோலின் என்ற பூஞ்சைக்கொல்லியின் வழி வேறு: அது ஹார்மோன் பற்றிக்கொள்ளும் ஏற்பியை அடைத்துவிடுகிறது.

"அப்படியென்றால் ஆண் ஹார்மோன் கூடினால் நல்லதுதானே?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. எலிகளில் கூடுதல் டெஸ்டோஸ்டிரோன் ஆண் கருவை மேலும் ஆணாக்குவதில்லை. பெண் கருவைத்தான் ஆண் சாயலுக்கு இழுக்கிறது. செம்மறி ஆடுகளிலோ, கருவில் மிகை டெஸ்டோஸ்டிரோன் பெற்ற கிடாக்களுக்கு வளர்ந்தபின் விந்தணு எண்ணிக்கை குறைந்திருந்தது.

பெண் ஹார்மோன் போலச் செயல்படும் டை எத்தில் ஸ்டில்பெஸ்ட்ரோல் என்ற மருந்தைச் சினைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்த சோதனை 1975இல் வெளியானது. பிறந்த ஆண்களில் சுமார் 60 சதவீதம் மலடாக இருந்தன. அதற்குள் அந்த மருந்து பல ஆண்டுகளாகக் கர்ப்பிணிப் பெண்களுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. இதை நினைக்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

குட்டிப் பருவத்தில் அளந்த, மலத்துளைக்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட அந்தத் தூரம், உடல் வளர்ச்சியைக் கணக்கில் கொண்டு பார்த்தால், பின்னாளிலும் பெரிதாக மாறுவதில்லை. அதனால்தான் வளர்ந்த ஆண் எலியில் அதை அளந்து, கருப்பையில் அந்த மூன்று நாள்களில் அதற்குப் போதிய டெஸ்டோஸ்டிரோன் கிடைத்ததா என்று மதிப்பிட முடிகிறது.