சோழர் படையோடு வரும் மதகுருவுக்குக் காவியும் நீள்தாடியும் சரியா?

வியூக விளையாட்டில் 11-ஆம் நூற்றாண்டுச் சோழ நாட்டு மதகுருவை எப்படி வரைவது என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் ஒரே காவி உடையும் தாடியும் போட்டுவிடாதீர்கள், ப்ளீஸ். காவி துறவிக்கு உரியது. கோயில் பூசகருக்கு வெள்ளை வேட்டி, திறந்த மார்பு, முடிந்த குடுமி, திருநீற்றுப் பட்டை. தைத்த சட்டை வேண்டவே வேண்டாம்.

என்னைக் கேட்டால் பூசகரைவிடப் பதிகம் பாடுபவரே நல்ல தேர்வு. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் (தேவாரப் பதிகம்) பாட 48 பிடாரர்கள், அதாவது பதிகம் பாடுவோர், உடன் வாசிக்க ஓர் உடுக்கைக்காரர், ஒரு கொட்டிமத்தளக்காரர் என மொத்தம் 50 பேரை ராஜராஜன் நியமித்ததைக் கல்வெட்டே சொல்கிறது. அதனால் கையில் மந்திரக்கோலுக்குப் பதில் உடுக்கை கொடுங்கள். உடுக்கையின் இடுங்கிய நடுப்பகுதியில் நாடா, அதை அழுத்தினால் சுருதி மாறும். அந்தக் கை அசைவையே அனிமேஷனாக்கலாம்.

அப்புறம், நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடம் இருந்ததே! அங்கே மழித்த தலையும் துவராடையுமாக ஒரு பௌத்த பிக்குவும் வேண்டும். துவர் என்பது செம்பழுப்பு, பளிச்சென்ற ஆரஞ்சு அல்ல.

மாதிரிக்குக் கும்பகோணம் அருகே தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலுக்குப் போங்கள். அங்கே 108 சைவாசாரியர் சிற்பங்கள் பெயரோடு வரிசையாக இருக்கின்றன. 12-ஆம் நூற்றாண்டு வேலை என்றாலும் கொண்டையும் உடைக்கட்டும் பார்த்து வரையலாம்.