1,150 யூரோ வாடகை என்றால் 1,150 யூரோவோடு முடியாதுங்க

கேள்வி: சென்னிமலையில் தறிப்பட்டறை நடத்தி வந்தேன், இப்போது அதை வாடகைக்கு விட்டிருக்கிறேன். மகன் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். அவனுக்கு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் வேலை கிடைத்திருக்கிறது. பிடித்தம் போக மாதம் 3,400 யூரோ கைக்கு வரும் என்கிறான். மருமகளும் இரண்டு வயதுப் பேத்தியும் கூடவே போகிறார்கள். 72 சதுர மீட்டரில் ஒரு வீடு பார்த்திருக்கிறான், வாடகை 1,150 யூரோ. சாப்பாட்டுக்கு 600 போனாலும் 1,650 மிஞ்சும், மாதம் ஒரு லட்சம் தாராளமாக அனுப்பலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். அதை நம்பிப் பெருந்துறையில் ஓர் இடம் வாங்க 40 லட்சம் கடன் போடலாமா? பத்து வருடத் தவணை, மாதம் 52,000 வரும். புறப்படும்போது மகனிடம் 3 லட்சம் கொடுத்தனுப்பினால் போதுமா?

பதில்: இடத்துக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கொடுக்கவில்லை என்றால் இப்போதைக்குக் கொடுக்காதீர்கள் ஐயா. 3 லட்சம் போதாது. மாதம் ஒரு லட்சமும் முதல் வருடத்தில் வராது. உங்கள் கணக்கில் கூட்டல் கழித்தல் எல்லாம் சரிதான், எடுத்துக்கொண்ட வாடகைதான் முழு வாடகை இல்லை.

மகன் பார்த்த விளம்பரத்தில் 1,150-க்குப் பக்கத்தில் 'கால்ட்மீட்டே' என்று இருக்கும், கேட்டுப் பாருங்கள். 'குளிர்ந்த வாடகை' என்று அர்த்தம். வெறும் சுவருக்கும் கூரைக்கும் கொடுக்கும் காசு அது. தண்ணீர், சாக்கடை, குப்பை, மாடிப்படி விளக்கு, கட்டடத்தின் காப்பீடு, வீட்டு ஓனர் நகராட்சிக்குக் கட்டும் சொத்து வரி, எல்லாவற்றுக்கும் மேலாகக் குளிர்கால ஹீட்டர் செலவு, இதெல்லாம் தனி. இவற்றை மாதாமாதம் ஒரு தோராயத் தொகையாக வாடகையோடு சேர்த்து வாங்குவார்கள். இரண்டும் சேர்ந்ததுதான் 'வார்ம்மீட்டே', சூடான வாடகை. திருப்பூரில் லைன் வீட்டில் இருந்தவர்களுக்கு இது புதிதில்லை: வாடகை தனி, தண்ணிக்காசு தனி, சப்-மீட்டர் தனி. ஆனால் நம் ஊரில் ஓனரின் வீட்டு வரியைக் குடியிருப்பவரிடம் பங்கு போட்டு வாங்கினால் சண்டை வரும். அங்கே அது சட்டப்படி சரி, ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் போதும். 72 சதுர மீட்டர் வீட்டுக்கு மாதம் 280 யூரோ இந்தக் கணக்கில் போகும் என்று வைத்துக்கொள்வோம். ஆக வீட்டுக்கு மட்டும் 1,430.

இதிலும் கரண்ட் சேரவில்லை. அதை மகன் தன் பேரில் தனியாக எடுக்க வேண்டும். இங்கே வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வாங்கிப் பழகியவர்களுக்கு அங்கே யூனிட் 35 முதல் 40 சென்ட் என்பது கொஞ்சம் கசக்கும். ஒரு யூரோவை 100 ரூபாய் என்றே வைத்தாலும் (அன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள், கூடத்தான் இருக்கும்) ஒரு யூனிட் 35 ரூபாய்க்கு மேல். பல வீடுகளில் அடுப்பும் கரண்டில்தான் எரியும். தினம் சோறு, குழம்பு என்று சமைக்கும் மூன்று பேர் குடும்பத்துக்கு மாதம் 85 யூரோ வைக்கலாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வருவது. அந்த 280 யூரோ முடிந்த கணக்கு இல்லை, முன்பணம். வருடம் முடிந்ததும் உண்மையில் எவ்வளவு ஆனது என்று கணக்குப் பார்த்து ஓனர் ஒரு கடிதம் அனுப்புவார். குறைவாகச் செலவாகியிருந்தால் பணம் திரும்பி வரும், கூடியிருந்தால் கட்ட வேண்டும். கணக்கு ஆண்டு முடிந்து 12 மாதத்துக்குள் அந்தக் கடிதம் வந்துவிட வேண்டும், பிந்தினால் ஓனர் கூடுதல் பணம் கேட்க முடியாது. உங்கள் மகன் இந்த ஐப்பசியில் குடியேறினால், முழு வருடம் ஒன்றுக்கான கணக்கு அவன் கைக்கு வர இரண்டு வருடம்கூட ஆகலாம். அதுவரை வீட்டுச் செலவு என்னவென்று அவனுக்கே சரியாகத் தெரியாது. தெரியாத கணக்கை நம்பித்தான் நீங்கள் பத்து வருடத் தவணையில் கையெழுத்துப் போடப் பார்க்கிறீர்கள்.

என்னிடம் ஆலோசனைக்கு வரும் கோபிக்காரர் ஒருவரின் மகள் குடும்பத்துக்கு முதல் கடிதத்திலேயே 900 யூரோவுக்கு மேல் வந்தது. தப்பு யாருடையதும் இல்லை, பழக்கத்துடையது. கதவு ஜன்னலைத் திறந்து வைத்து வளர்ந்த பிள்ளைகள் நாம். அவர்களும் ஜன்னலை மேல்பக்கம் லேசாகச் சாய்த்துத் திறந்தபடியே குளிர்காலம் முழுக்க ஹீட்டரை ஓடவிட்டிருக்கிறார்கள். காசு தெருவுக்குப் போய்விட்டது. அதற்காக அடைத்தே வைத்தாலும் ஆகாது, சமையல் ஆவியும் துவைத்த துணியின் ஈரமும் சுவரில் பூசணமாகப் படியும், காலி செய்யும்போது அட்வான்ஸில் கை வைப்பார்கள். ஹீட்டரைக் குறைத்துவிட்டு, ஜன்னலை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடத்தில் மூடிவிட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. ஹீட்டர் செலவில் 50 முதல் 70 சதவீதம் அந்தந்த வீட்டு மீட்டர்படிதான் பிரிக்கப்படும், மீதி பரப்பளவுப்படி. எனவே பழக்கத்தை மாற்றினால் பில் குறையும். சாவி வாங்கும் அன்றே எல்லா மீட்டர்களையும் போட்டோ எடுத்துவைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் முன்பு குடியிருந்தவர் ஓட்டிய யூனிட்டும் இவன் தலையில் விழும்.

ஸ்டுட்கார்ட் பக்கம் மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. மாடிப்படியையும் வாசலையும் குடியிருப்பவர்கள் வாரத்துக்கு ஒருவராக முறை வைத்துக் கூட்டித் துடைக்க வேண்டும். முறை வந்தவர் கதவில் ஓர் அட்டை தொங்கும். 'கேர்வோக்கே' என்று பெயர், நூற்றாண்டுக் கணக்கில் நடக்கும் வழக்கம். சில கட்டடங்களில் இதை ஆள் வைத்துச் செய்து, செலவை அந்த 280-க்குள் சேர்த்துவிடுவார்கள். எந்த ரகம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. வாசல் தெளிக்கும் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இது ஒரு பாரமாக இருக்காது.

அடுத்து, கையோடு கொண்டுபோக வேண்டிய பணம். அட்வான்ஸாகக் குளிர்ந்த வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது அங்கே சட்டம். பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் நம் நகரங்களுக்கு இது தேவலாம். 3,450 யூரோ. இதை மூன்று சம மாதத் தவணையாகக் கட்டவும் குடியிருப்பவருக்கு உரிமை உண்டு, ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் உண்டு. முதல் தவணை குடியேறும்போது, மற்ற இரண்டும் அடுத்த இரண்டு மாத வாடகையோடு. கைக்காசு இறுக்கமாக இருக்கும் நேரத்தில் இந்த 2,300 யூரோ அவகாசம் பெரிய உதவி.

வீட்டுக்குள் போனால் அடுத்த அதிர்ச்சி. பல வீடுகளில் சமையலறை என்றால் குழாய் முனையும் சுவரில் ஒரு பிளக்கும்தான். மேடை, சிங்க், அடுப்பு, அலமாரி எதுவும் இருக்காது, முன்பு இருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். விளக்கு மாட்டும் இடத்தில் ஒயர் தொங்கும். விளம்பரத்தில் சமையலறை சேர்ந்ததா என்று கேளுங்கள். இல்லையென்றால், காலி செய்து போகிறவரிடமே பழைய சாமான்களை விலைபேசி வாங்கிக்கொள்ளலாம். பேரம் பேசலாம், தயங்க வேண்டாம். அதற்கு 2,000, கட்டில், மெத்தை, வாஷிங் மெஷின், மேசைக்கு 1,500, வாடகை வீடு அமையும்வரை தற்காலிகத் தங்கலுக்கு 1,500, முதல் மாத வாடகை 1,430, சம்பளம் வரும்வரை சாப்பாட்டுக்கு 600, குளிர் உடைக்கு 400. அட்வான்ஸோடு சேர்த்தால் 10,880 யூரோ. கிட்டத்தட்ட 11 லட்சம், விமான டிக்கெட் தனி. அட்வான்ஸைத் தவணையில் கட்டினால் முதல் மாதத் தேவை 8,580. நீங்கள் வைத்திருப்பது 3 லட்சம்.

இதைக் குறைக்க இரண்டு வழி இருக்கிறது. வேலை கொடுக்கும் கம்பெனியிடம் இடம்பெயர்வுத் தொகையும் முதல் மாதத் தங்குமிடமும் கேட்கச் சொல்லுங்கள். நம் பையன்கள் சம்பளத்தைப் பேசுவதற்கே கூச்சப்படுவார்கள், இதைக் கேட்பதே இல்லை. இரண்டாவது, மகன் முதலில் தனியாகப் போகட்டும். வீடு அமைந்து சமையலறை வந்தபின் மருமகளும் குழந்தையும் போகட்டும். ஆனால் அதே ஆண்டு டிசம்பருக்குள் போய்ப் பதிவு செய்துகொள்வது நல்லது, காரணம் வரி. அந்த 3,400 யூரோ என்பது, மனைவிக்கு வருமானம் இல்லாத குடும்பஸ்தனுக்கான வரி வகுப்பில் போட்ட கணக்காகத்தான் தெரிகிறது. திருமணச் சான்றும் அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பும் காட்டிப் பதியும்வரை அவன் தனியாள் வகுப்பில்தான் இருப்பான், மாதம் 300 யூரோவுக்கு மேல் குறையும். ஆண்டு முடிவதற்குள் குடும்பம் சேர்ந்துவிட்டால், வருடாந்திரக் கணக்கு தாக்கல் செய்து பிடித்ததில் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கலாம்.

இங்கிருந்து பணம் அனுப்புவதில் சிக்கல் இல்லை. ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை மூலத்தில் வரி வசூல் கிடையாது. அதைத் தாண்டினால் வங்கி பிடித்துக்கொள்ளும், கணக்கு தாக்கல் செய்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: வீட்டை நேரில் பார்க்காமல், சாவி கூரியரில் வரும் என்ற பேச்சை நம்பி எந்தக் கணக்குக்கும் அட்வான்ஸ் போடக் கூடாது. ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம்.

இப்போது மாதக் கணக்கு. வாடகை 1,430, கரண்ட் 85, இன்டர்நெட்டும் போனும் 60. டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் உண்டு. கடிதம் வந்தால் மோசடி என்று நினைத்துக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள் என்று மகனிடம் சொல்லிவையுங்கள். பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான பொறுப்புக் காப்பீடும் வீட்டுச் சாமான் காப்பீடும் சேர்ந்து 15. கட்டடம் முழுவதுக்கும் பொதுவான சாவியைத் தொலைத்தால் பூட்டுகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும், ஆயிரக்கணக்கில் போகும். அதனால் பாலிசியில் சாவிக்கும் சேர்த்து எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நாடு முழுக்கச் செல்லும் மாதப் பயணச் சீட்டு 2026-ல் ஆளுக்கு 63, இருவருக்கு 126, பேத்திக்கு இலவசம். சாப்பாடு 600, குழந்தைச் சாமான், துணி, மற்றது 150. வருடக் கடைசிக் கடிதத்துக்கு என்று மாதம் 75 யூரோவைத் தனியாக எடுத்து வைக்கட்டும், அதைத் தொடக் கூடாது. சுமார் 2,560 ஆகிறது. மீதி 840. குழந்தைக்கு அரசு கொடுக்கும் தொகை 2026-ல் மாதம் 259, விண்ணப்பித்து வரச் சில மாதம் ஆகும். அது வந்தால் 1,100. வருடம் ஒருமுறை மூன்று பேரும் ஊருக்கு வந்துபோக மாதம் 200-ஆவது ஒதுக்க வேண்டும். பேத்திக்கு இரண்டு வயது தாண்டியதால் அவளுக்கும் தனி சீட்டு. மீதி 900. அதில் அவர்களுக்கென்று ஒரு சேமிப்பு வேண்டாமா? அனுப்பக்கூடியது 40,000, மிஞ்சினால் 50,000. உங்கள் தவணைக்கே அது பத்தாது.

வாடகை ஒப்பந்தத்தில் வருடா வருடம் இவ்வளவு ஏறும் என்றோ, விலைவாசிக் குறியீட்டோடு ஏறும் என்றோ எழுதியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் இந்த 900-மும் நிலைக்காது.

பெருந்துறை இடத்தை ஒரு வருடமாவது தள்ளிப் போடுங்கள். அதுவரை மகன் அனுப்புவதை வங்கி வைப்பில் போட்டுவாருங்கள், மொத்தமும் அதன்பின் முன்பணமாகும். பிறகும் 25 லட்சத்துக்கு மேல் கடன் வேண்டாம் என்பேன், அதுவும் பட்டறை வாடகையிலிருந்தே பாதித் தவணையைக் கட்ட முடிந்தால்தான்.

கிரைண்டர், மிக்ஸி எடுத்துப் போகலாம், அங்கேயும் 230 வோல்ட்தான். நம் மூன்று முனை பிளக் மட்டும் சேராது, அடாப்டர் வேண்டும். இரவு பத்துக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் மாவு ஆட்டினால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார். படுக்கை விரிப்புக்கு அங்கே காசு கொடுக்க வேண்டாம். அவர்கள் தலையணை 80-க்கு 80 சென்டிமீட்டர் சதுரம், மெத்தை இரண்டு மீட்டர் நீளம். அளவு சொல்லிவிட்டேன், நெய்ய வேண்டிய ஊரில்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.