வேகமெடுத்தாலே இழுத்துக்கொள்ளும் பின்தொடை

வணக்கம். தினமும் நீட்டல் பயிற்சி செய்தும், ஓட்டத்தில் வேகமெடுக்கும்போதெல்லாம் பின்தொடை இழுத்துக்கொள்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அத்தசைகளில் பெரும்பாலானவை நாம் அமரும் எலும்பில் தொடங்குவதால், இடுப்பு முன்புறம் சரியும்போது அவ்வெலும்பு மேலேறி, தசை முன்பே இழுபட்ட நிலைக்கு வந்துவிடுகிறது. வேக ஓட்டத்தில், பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், முழங்கால் நீளும் நொடியில்தான் அது பெரும்பாலும் கிழிகிறது. ஆகவே மேலும் நீட்டுவதைவிட, நீண்ட நிலையில் தாங்கும் வலுவே உங்களுக்குத் தேவை என்று கருதுகிறேன். முழந்தாளிட்டு, கணுக்கால்களை ஒருவர் அழுத்திப் பிடிக்க, இடுப்பை மடக்காமல் உடலை மெல்ல முன்னே இறக்கும் நார்டிக் பயிற்சியை வாரம் 2 நாள், 5 முறை வீதம் 2 சுற்றுகளாகத் தொடங்குங்கள். வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்கிக்கொண்டால் இடுப்பு சரியாது. தொடக்கத்தில் தசைவலி இயல்பே. நடக்கும்போதே குத்தினாலோ, தோல் கன்றியிருந்தாலோ, முதலில் இயன்முறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.