சாவி தொலைந்தால் செயலியும் போய்விடுமா?

கேள்வி: எங்கள் ரியூசன் வகுப்பு நேரசூசிக்காக 2022 இல் ஓர் ஆண்ட்ராய்டு செயலியை பிளே ஸ்டோரில் ஏற்றினேன். மடிக்கணினி பழுதானதில், செயலியில் ஒப்பமிடும் சாவி இருந்த கீஸ்டோர் கோப்பு போய்விட்டது. புதுச் சாவியால் ஒப்பமிட்டால், செயலியை ஏற்றும் தளமான பிளே கன்சோல் ஏற்க மறுக்கிறது. பிள்ளைகள் பழைய செயலியை அழிக்க வேண்டி வருமா?
– வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: வராது, பயப்படாதீர்கள். 2021 ஆகஸ்ட் முதல் பிளேயில் சேரும் புதிய செயலிகளுக்கு இரண்டு சாவிகள். பிள்ளைகளின் கைபேசிக்குப் போகும் செயலியில் ஒப்பமிடும் சாவி கூகுளிடம் இருக்கிறது. நீங்கள் தொலைத்தது, கோப்பை அனுப்புவது நீங்கள்தான் என்று கூகுளுக்குக் காட்டும் பதிவேற்றச் சாவி. அதை மாற்றலாம்.

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவில் புதிய கீஸ்டோர் உருவாக்குங்கள்: சாவியின் வகை ஆர்எஸ்ஏ, நீளம் 2048 பிட், 25 ஆண்டு செல்லுபடி. பிறகு கீடூல் என்ற கட்டளைக் கருவி கொண்டு அதன் சான்றிதழை (சாவியின் பகிரங்கப் பகுதி) மட்டும் பெம் என்ற எழுத்துக் கோப்பாக எடுங்கள். அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் வரியில் கோடுகளுக்கு நடுவே 'பிகின் சர்டிபிகேட்' என்று இருக்க வேண்டும். புரியாத குறிகளாகத் தெரிந்தால், கட்டளையில் 'ஆர்எஃப்சி' என்ற சொல்லை விட்டுவிட்டீர்கள்.

பிளே கன்சோலில் செயலி ஒப்பமிடல் பக்கத்துக்குப் போய், பதிவேற்றச் சாவியை மாற்றக் கேட்டு அந்த பெம் கோப்பைக் கொடுங்கள். கணக்கின் உரிமையாளரே கேட்க வேண்டும். புதுச் சாவி எப்போதிலிருந்து செல்லும் என்று மின்னஞ்சல் வரும். அதற்கு முன் ஏற்றினால் மறுபடியும் மறுக்கும். கீஸ்டோர் கோப்பை யாருக்கும் அனுப்ப வேண்டாம், ரகசியச் சாவி அதற்குள்தான் இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் செயலியின் நிறுவல் கோப்பை (ஏபிகே) நேரடியாக அனுப்பியிருந்தால் அந்தப் பிள்ளைகளின் கதை வேறு. அதில் இருப்பது உங்கள் பழைய சாவியின் ஒப்பம். ஒப்பம் மாறினால் ஆண்ட்ராய்டு மேலே நிறுவ விடாது. அவர்கள் அழித்துவிட்டு பிளேயிலிருந்துதான் எடுக்க வேண்டும். கைபேசியில் மட்டும் சேமித்த குறிப்புகள் போய்விடும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புதுக் கீஸ்டோரை இரண்டு பென்டிரைவில் வைத்து, கடவுச்சொல்லையும் கீஸ்டோருக்குள் சாவிக்கு இட்ட அலியாஸ் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கடவுச்சொல் மறந்தால் கோப்பு கையில் இருந்தும் பயனில்லை.

கேள்வி: என் செயலியை மடிக்கணினியிலிருந்து நிறுவினால் அதில் கூகுள் வரைபடம் வருகிறது. பிளேயிலிருந்து எடுத்தால் வெறுமையாக நிற்கிறது. ஏன்?
– வாசகி, கிண்ணியா

பதில்: வரைபடத்தைப் பயன்படுத்த கூகுள் தரும் வரைபடச் சாவியில், உங்கள் கணினிச் சான்றிதழின் எஸ்எச்ஏ-1 கைரேகையை (சான்றிதழை அடையாளம் காட்டும் குறியீடு) மட்டும் பதிந்திருப்பீர்கள். பிளே தரும் செயலியில் கூகுள் வைத்திருக்கும் சாவியின் ஒப்பம் இருப்பதால் கைரேகை வேறு. பிளே கன்சோலின் செயலி ஒப்பமிடல் பக்கத்தில் அந்தக் கைரேகையைப் பிரதி எடுத்து, வரைபடச் சாவி இருக்கும் கூகுள் கிளவுட் கன்சோலில் பழையதோடு சேருங்கள். பழையதை நீக்கினால் சோதனைப் பதிப்பில் வரைபடம் வராது.